நெட்டப்பாக்கம் ஏரிக்கரை வழியே

வில்லியனூரைத் தாண்டி நெட்டப்பாக்கம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்பது கடைப் பலகைகளைப் படித்தால்தான் தெரியும். கரும்புத் தோட்டம் ஒரு மாநிலத்தில் தொடங்கி இன்னொரு மாநிலத்தில் முடிகிறது. பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர்களும் ஆங்கிலேயர் கைக்குப் போன ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்ததால் வந்த எல்லை இது. 1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கம் விடுதலை பெற்றது. எதுவார் குபேர் தலைமையில் இங்கே ஒரு தற்காலிக அரசு அமைந்தது. நவம்பர் 1இல் புதுச்சேரி முழுவதும் இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வருவதற்கு முன்பே இந்தக் கிராமத்தில் கொடி மாறிவிட்டது.

ஆனால் நான் போனது ஏரி பார்க்க.

இயற்கையோடு நெருங்கியிருந்தால் உடலும் மனமும் தேறும் என்று இப்போது மருத்துவர்களே சொல்கிறார்கள். 1984இல் ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைவெளியில் இருப்பவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடும் மனநிறைவோடும் இருப்பதாகச் சொல்வது கூடுதல் என்றது. இவற்றை நான் நம்புகிறேன். ஆனாலும் அங்கே மனிதர் பார்ப்பவராக மட்டுமே இருக்கிறார், மரம் பார்க்கப்படுகிறது. நம் ஊர்களில் ஏரியோடு இருந்தது வேறு மாதிரி உறவு. அது இன்னும் எங்கே, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கத்தான் தை மாதத்தில் கிளம்பினேன்.

கரை மேல் ஏறியதும் காற்று மாறியது. நல்ல மழை பெய்திருந்ததால் தண்ணீர் பரந்து கிடந்தது. நத்தை குத்தி நாரைகள் ஆழமில்லாத பக்கம் குனிந்து குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. நாமக்கோழிகள் கோரைக்குள் புகுந்து மறைந்தன. ஒரு நீர்க்காகம் பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கரையின் உள்சரிவில் நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக மண்டிக்கிடந்தது. அதன் ஊதாப்பூவை அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிப்பக்கம் நவரை நாற்று நட்ட வயல்கள். நடுவே ஆங்காங்கே சிறு கொட்டகைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மோட்டார். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மதகு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டிவிட்டு, "போர் போட்ட பொறவு மதகை யாரு தம்பி தேடறா?" என்றார். பிறகு அவரே பேச ஆரம்பித்தார். மதகு திறக்கிற அன்றைக்குப் பொங்கல் வைத்துப் படைப்பார்களாம். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று ஊர் கூடி முறை வைப்பார்களாம். கோடையில் தூர் வாரி, வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்களாம். "மழைக்காலத்துல ராத்திரியெல்லாம் கரை மேல ஆளு நிக்கும் தம்பி. கரை உடைஞ்சா எல்லாரு சோறும் போச்சு இல்ல?"

எல்லாருடைய சோறும் என்று அவர் சொன்னதில் ஒரு கசப்பும் இருக்கிறது. பழைய ஏற்பாட்டை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. ஊரார் கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்தில் மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். தண்ணீர் பாய்ந்ததோ நிலம் உள்ளவர்களின் வயலுக்கு. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்கட்டி வேலை சாதியோடு பிணைந்திருந்தது. அந்த உறவு அப்படியே திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

அதனால்தான் புதுச்சேரியில் 1999இல் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, இப்பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்க எடுத்துக்கொண்ட வேலை அது. கரையைப் பலப்படுத்துவதும் மதகைப் பழுது பார்ப்பதும் எந்தப் பொதுப்பணித் துறையும் செய்யக்கூடியவைதான். இங்கே கூடுதலாக ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் அமைத்தார்கள். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களோடு நிலமில்லாதவர்களையும் பெண்களையும் உறுப்பினராக்கினார்கள். ஏரி என்பது பாசனம் மட்டுமில்லை, மாடு குடிக்கும் தண்ணீர், மீன், கோரை, கரையோர மரம், குடிநீர்க் கிணற்றின் ஊற்று எல்லாமும்தான் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. திட்டங்களுக்கு முடிவுத் தேதி உண்டு, ஏரிக்குக் கிடையாது. பணம் வருவது நின்ற பிறகும் கூடிப் பேசும் சங்கம்தான் உண்மையான சங்கம்.

நெட்டப்பாக்கத்திலிருந்து பாகூருக்குப் போனேன். ஊசுடு ஏரிக்கு அடுத்தபடியாக இப்பகுதியின் பெரிய ஏரி அங்கேதான் இருக்கிறது. கரை நீண்டுகொண்டே போகிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் நீர். பாகூர் பழைய ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, இங்கிருந்த ஒரு கல்விக்கூடத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பள்ளியை நிரந்தரமாக நடத்தும் நம்பிக்கை இந்த ஊருக்கு வந்ததற்கு, அந்தக் கிராமங்களில் நம்பகமான தண்ணீர் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு தாசிப் பெண்கள் தங்கள் செல்வத்தைக் கொடுத்து வாய்க்கால் வெட்டவைத்தார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கதையின் வரலாற்று உண்மையை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தண்ணீர் கொண்டுவந்தவர்கள் என்று இரண்டு பெண்களின் பெயரை ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்திருக்கிறது, எனக்கு அது போதும். அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். அதனால் 1910இலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தத் தண்ணீருக்காக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வருகின்றன. எல்லை பாராமல் இரு மாநிலத்து மக்களும் மணலில் இறங்குகிறார்கள். குழந்தைகள் கையில் கரும்பு. சுருளிக் கிழங்கு விற்பவர்களைச் சுற்றிக் கூட்டம். வருஷத்தில் ஒரு நாளாவது ஆற்றுக்குள் கால் வைக்க வேண்டும் என்ற விதியை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் நடக்கிறது. அந்த ஒரு நாளோடு உறவு முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் ஆறு மற்ற நாட்களிலும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்துக்குள் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அந்த அளவு மழையை எந்த ஏரியும் முழுவதுமாகத் தாங்காது. ஆனால் வரத்து வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது, கலங்கல் வழியே போகும் தண்ணீர் எந்தத் தெருவைத் தொடும் என்று தெரிந்த நாலு பேராவது ஊரில் இருக்க வேண்டும். அந்த அறிவு கரை மேல் நடந்து நடந்து வருவது.

கோடையிலும் இதே கதைதான். போர்வெல் வந்தபோது தனி விவசாயிக்கு அது விடுதலையாக இருந்தது. முறைக்காகக் காத்திருக்க வேண்டாம், யார் தயவும் வேண்டாம். ஆனால் கொட்டகை தனித்தனியே தவிர, அடியில் இருக்கும் தண்ணீர் ஒன்றுதான். பாகூர்ப் பக்கம் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது, எல்லோரும் தனித்தனியாக இறைத்ததன் மொத்தக் கணக்கு. ஏரியில் தண்ணீர் தேங்கினால் போரில் தண்ணீர் ஏறும். மோட்டார் வைத்திருப்பவருக்குத்தான் இன்று ஏரி அதிகம் தேவை.

ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். நெட்டப்பாக்கம் போன்ற ஊர்களின் ஏரிகளுக்கு அப்படி அறிவிப்பு ஏதும் வராது. அவற்றுக்கு ஊரார்தான் சரணாலயம்.

ஏரியோடு உறவு வேண்டுமென்றால், ஏரியில் நமக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஐப்பசி மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரையில் மதகிலிருந்து கலங்கல் வரை நடந்து பாருங்கள். வாய்க்காலில் அடைப்பு இருந்தால் ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். ஏரிச் சங்கம் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் நாலு பேரைச் சேர்த்து ஒன்றைத் தொடங்குங்கள்.