கணக்கு இல்லாத மேஜை

புதிய கம்ப்யூட்டர் முதலில் நாட்டைக் கேட்டது. பிறகு விசைப்பலகை எதுவென்று கேட்டது. அப்புறம் இணையம். அதைக் கொடுக்காமல் மேலே போக முடியாது. கொடுத்தால் அடுத்த திரையில் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்கும் என்று தெரிந்தே வைத்திருந்தேன். 2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. பழைய யந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10க்கான ஆதரவு அந்த வருஷம் அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றிருந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி அந்தக் கிழட்டு யந்திரத்துக்கு இல்லை. ஆகவே இது. காசு கொடுத்து வாங்கி என் வீட்டு மேஜைமேல் வைத்திருக்கும் ஒரு பொருளில் நாலு வரி எழுத, நான் முதலில் ஓரிடத்தில் வாடிக்கையாளனாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதைப் பெரிய அநீதியாகச் சொல்ல வரவில்லை. கணக்குத் துவங்க வருகிறவர்களிடம் பெயர், விலாசம், கையெழுத்து, புகைப்படம் என்று கேட்டு வாங்குவதுதான் என் பிழைப்பு. யாரென்று தெரியாதவரின் பணத்தை வங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அங்கே வருகிறவர் தம்மிடமுள்ளதை எங்களிடம் கொடுத்துவைக்க வருகிறார். நான் யாரிடமும் எதையும் கொடுத்துவைக்கப் போகவில்லை. என் மேஜையில் நான் உட்காருவதற்கு எதற்காகக் கவுண்டரில் போய் நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வி கொள்கையிலிருந்து பிறந்ததல்ல. மூன்று வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் இறந்துபோனார். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அவரைத் தெரியும், பெயர் வேண்டாம். பிரசுரமான கவிதைகள் இருபதைத் தாண்டாது. எழுதியது அதைப்போல் பல மடங்கு. கடைசி வருஷங்களில் காகிதத்தை விட்டுவிட்டார். மின்னஞ்சலில் தமக்குத் தாமே எழுதி, அனுப்பாமல், வரைவுகளாகவே வைத்திருந்தார். “எங்கேயிருந்து வேணும்னாலும் தெறக்கலாம்” என்பார்.

அவர் போனபின் அவர் மனைவியும் நானும் திறக்கப் பார்த்தோம். கடவுச்சொல் தெரியவில்லை. மறந்துவிட்டது என்று அழுத்தினால், ஒரு தொலைபேசி எண்ணுக்கு ஆறு இலக்கங்கள் அனுப்புவதாகச் சொன்னது. அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப் பல மாதங்களாகியிருந்தன. கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்தார்கள். தனக்குப் பிறகு இன்னாருக்கு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஏற்பாடு சில நிறுவனங்களில் உண்டு; நண்பர் அப்படி எதுவும் செய்திருக்கவில்லை. எழுதிக் கேட்டோம். படிவம், சான்றிதழ், மறுபடியும் படிவம். முடிவில் மரியாதையான ஒரு மறுப்பு. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “நீங்க பேங்க்லதானே இருக்கீங்க அண்ணே, ஒரு கணக்கைத் தெறக்க வழி தெரியாதா?” என்று கேட்டார்.

வங்கியில் வழி இருக்கிறது. லாக்கரைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றது எங்களிடம். அவர் சாவியைத் தொலைத்துவிட்டால் ஆளை வரவழைத்து, சாட்சிகளை வைத்துக்கொண்டு, பூட்டை உடைத்துத் திறக்கிறோம். இறந்துவிட்டால் நியமனதாரர் வருகிறார். அவரும் இல்லையென்றால் வாரிசுகள் வருகிறார்கள். நடை அதிகம், கையெழுத்து அதிகம், சிலசமயம் கண்ணீரும் உண்டு. ஆனால் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் கத்தலாம்.

காஃப்கா 1924இல் இறந்தார். தாம் எழுதியதையெல்லாம் படிக்காமல் எரித்துவிடும்படி மாக்ஸ் பிராடுக்கு எழுதிவைத்த குறிப்பு அவருடைய மேஜையில் கிடைத்தது. பிராட் எரிக்கவில்லை. ‘விசாரணை’ 1925இல் வெளிவந்தது. பிராட் செய்தது துரோகமா, சேவையா என்று நாம் போதுமான அளவு சர்ச்சை செய்துவிட்டோம். நாம் கவனிக்காதது, துரோகம் செய்ய பிராடால் முடிந்தது என்பதை. மேஜை திறந்தது. காகிதங்கள் ஒரு நண்பனின் மனசாட்சிக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. என் நண்பரின் கவிதைகளை எரிப்பதா, அச்சிடுவதா என்று நாங்களும் சண்டை போட்டிருக்கலாம். சண்டைக்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது. அவை சுமாரான கவிதைகளாகவே இருந்திருக்கலாம். அதைச் சொல்லும் உரிமைகூட எனக்கு இல்லை.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இணையத்தைக் கொடுக்கவில்லை. ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புச் சன்னல் திறக்கும். அதில் ‘பைபாஸ்என்ஆர்ஓ’ என்ற கட்டளையை அடித்ததும் யந்திரம் அணைந்து மறுபடி எழுந்தது. இப்போது அதே திரையின் கீழே, இணையம் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு சிறு இடம் வந்திருந்தது. அழுத்தினேன். பிறகு ஒரு பெயர் மட்டும் கேட்டது. கடவுச்சொல் வைத்ததும் மூன்று ரகசியக் கேள்விகள்: வளர்த்த முதல் பிராணியின் பெயர், பிறந்த ஊர், இந்த மாதிரி. நாங்கள் எதையும் வளர்க்கவில்லை. ஒரு பொய் சொன்னேன். கணக்கோடு நுழைந்திருந்தால், மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளை வெட்டியெடுத்து என் கோப்புறைக்குப் பெயராக வைத்திருக்கும். பாலசுப்ரமணியன் என்று ஒருவர் இருந்தால் ‘பாலஸ்’ என்று முடிந்துபோவார்.

இந்தச் சந்து அதிக நாள் இருக்காது. 2025 மார்ச்சில் இந்தக் கட்டளையையும், அக்டோபரில் இதுபோன்ற வேறு வழிகளையும் சோதனைப் பதிப்புகளிலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. கடையிலிருந்து வந்த என் யந்திரத்தில் இருந்தது முந்திய பதிப்பு. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்றார் ஒரு நண்பர். போடலாம். டெபியன் இப்படியொரு கணக்கைக் கேட்பதே இல்லை. ஆனால் இதே யந்திரத்தில்தான் என் மகளின் பள்ளிக்கூட வேலையும் நடக்க வேண்டும்.

இதில் வீரம் எதுவுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வசதியுள்ள புதிய யந்திரங்களில் கணக்கோடு நுழைந்தால் விண்டோஸ் 11 தட்டிலுள்ளதைப் பூட்டிவிடுகிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. கணக்கில்லாமல் உள்ளூர்ப் பெயரோடு நுழைந்தால் வீட்டுப் பதிப்பில் அந்தக் காவல் கிடையாது. யந்திரத்தைத் திருடுகிறவன் தட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்துக்கொள்ளலாம். தட்டு பழுதானால் எங்கேயும் நகல் இருக்காது. கணக்கு வைத்திருப்பவர்கள் ஏமாளிகள் அல்ல. தொலைத்துவிடக்கூடிய மனிதர்களுக்கு அது பெரிய சௌகரியம். நான் தேர்ந்தெடுத்தது பாதுகாப்பை அல்ல. திருடனும் திறக்கலாம், நண்பனும் திறக்கலாம் என்கிற பழைய மேஜையின் அபாயத்தைத்தான். இவ்விரண்டில், கவிதை எழுதுகிறவனுக்குத் திருடனால் வரக்கூடிய நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். தொகை மிகச் சிறியது.

அதற்கான பொறுப்பு இப்போது என்னுடையது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அலுவலக மேஜையில் வைக்கிறேன். முடிந்த கட்டுரையைக் காகிதத்தில் அச்செடுத்துவிடுகிறேன். கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி, பீரோவில் இன்ஷூரன்ஸ் பத்திரங்களோடு வைத்து, மனைவியிடம் காட்டினேன்.

“அப்படி என்ன இருக்கு அதுல?” என்றாள்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதை அவளே திறந்து பார்த்துச் சொல்ல முடியும்.