மார்க் பேப்பர் இல்லை, மக்களே!

கல்லூரி முதல் வருஷத்தில் 'தனிநபர் நலமும் சமூக நலமும்' என்றொரு பாடம். பலருக்கும் அது சும்மா மார்க் வாங்கித் தரும் பேப்பர். என் கட்சி வேறு.

டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், மூடாத டிரம், இவற்றில் தேங்கும் தண்ணீரே போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நம் வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும், பக்கத்து வீட்டுத் தொட்டி திறந்திருந்தால் கடி நமக்கும்தான். இரண்டு நலமும் ஒரே பாடத்தில் இருப்பது இதனால்தான்.

தம்பி தங்கைகளே, பரீட்சை கிடக்கட்டும். இந்த ஞாயிறு விடுதி மொட்டைமாடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.