அப்பாவும் ஷாபனா ஏரியும்

அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. முதல் வாரம் வால்மார்ட், இரண்டாவது வாரம் அரோரா பாலாஜி கோயில், மூணாவது வாரத்திலிருந்து பால்கனியில் சேர் போட்டு உட்கார்ந்து போற வர்ற காரை எண்ணிக்கிட்டு இருந்தார். தங்கமணிதான் சொன்னாங்க, "மாமாவைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது ஏரிக்கரையில ரெண்டு நாள் தங்கிட்டு வாங்களேன்"னு. (தங்கமணிக்கு ரெண்டு நாள் ஓய்வு வேணும்ங்கிறது எனக்குப் புரியாமலா இருக்கும்? :-))

கூடாரம் போட்டுத் தரையில் படுக்க எழுபத்திரண்டு வயசு முதுகு ஒத்துக்காது. அதனால ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தேன். அப்பா அதைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்தார். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கிறதைப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு வீட்டு வரி எந்த ஊருல கட்டுவான்?"

முப்பது வருஷத்துக்கு மேல கிராம நிர்வாக அலுவலரா இருந்தவர். வேற என்ன கேட்பார்!

போன இடம் ஷாபனா ஏரி. சிகாகோவிலிருந்து மேற்கே, ரெண்டு பக்கமும் சோளக்காடும் சோயாவுமா போற ரோட்டில் ஒண்ணரை மணி நேரம். 318 ஏக்கர் ஏரி, ஓடையை மறிச்சு வெட்டினது. மஸ்கி மீனுக்குப் பேர் போனது. பேரைச் சொன்னதும் அப்பா, "யாரு, அந்த நடிகையா?"ன்னார். இல்லப்பா, இது ஒரு பூர்வகுடித் தலைவர் பேர்னு சொன்னேன். அப்போ அதுக்கு மேல எனக்கும் பெரிசா தெரியாது.

ஆர்.வி. ஓட்டுறது கூட பரவாயில்லைங்க. நிறுத்துறதுதான் பாடு. தரை மட்டமா இல்லைன்னா ராத்திரி தலைக்கு ரத்தம் ஏறும், கதவு தானா திறந்துக்கும். கட்டையை டயருக்கு அடியில் வச்சு, ஏத்தி, இறக்கி, மறுபடி ஏத்தி... அப்பா ஒரு டம்ளர் தண்ணியை மேஜையில் வச்சு, "இன்னும் அரை இஞ்ச் இடது பக்கம்"னு சரியாச் சொன்னார். அளவு வேலை பார்த்த கண்ணு. அப்புறம் கம்பத்தில் கரண்ட் ஒயரைச் சொருகினா ஃபிரிட்ஜ் ஓடும். குடிக்கிற தண்ணி ஒரு தொட்டி, குளிச்ச தண்ணி ஒரு தொட்டி, கக்கூஸ் தண்ணி ஒரு தொட்டி. கடைசியாச் சொன்னதை நாமளே கொண்டுபோய்க் கொட்டணும்னு சொன்னதும் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

விறகு வாங்கப் போனப்ப ஒரு சங்கதி. வெளியூரிலிருந்து விறகு கொண்டு வராதேன்னு போர்டு. சாம்பல் நிறப் பட்டையோட இருக்கிற ஆஷ் மரத்தைத் துளைக்கிற ஒரு பச்சை வண்டு, 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்சாங்க. 2006-ல் இல்லினாய் வந்துடுச்சு. அது தானா ரொம்ப தூரம் பறக்காதாம். நம்மள மாதிரி ஆளுங்க கார் டிக்கியில் விறகோட விறகா பட்டைக்குள்ள புழுவை ஏத்திக்கிட்டுப் போய் ஊர் ஊரா விட்டுட்டோம். அந்தந்த ஊர் விறகை அந்தந்த ஊரிலேயே வாங்கி எரிக்கணும்.

சாயங்காலம் அடுப்பு மூட்டி உட்கார்ந்தோம். தங்கமணி கட்டிக் கொடுத்த புளிச்சோறு ஒரு டப்பா எங்களுக்கு, இன்னொரு டப்பா ரக்கூனுக்கு (நாங்க கொடுக்கலை, அதுவே எடுத்துக்கிச்சு). பக்கத்து சைட் பெரியவர் கையில் பீரோட வந்து ஹலோ சொன்னார். இருபது வருஷமா இங்க வர்றாராம். "இந்தப் பூங்கா பூர்வகுடிகள் கைக்குப் போகுது, தெரியுமா? மீன் பிடிக்க விடுவாங்கன்னுதான் சொல்றாங்க"ன்னு பேச்சுவாக்கில் சொல்லிட்டுப் போனார்.

அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். "அப்படின்னா மூலப் பத்திரம் யார் பேருல இருந்துச்சு?"

செல்லை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன். அப்பா கேட்கக் கேட்க நான் படிச்சுச் சொன்னேன்.

1829-ல் பிரெய்ரி டு ஷியன்ங்கிற ஊரில் போட்ட ஒப்பந்தம். அதில் பொட்டவட்டமி தலைவர் ஷாபனாவுக்கும் அவர் கூட்டத்துக்கும்னு 1,280 ஏக்கர் ஒதுக்கினாங்க.

"சர்க்கார் கையெழுத்து இருக்கா?"

இருக்கு. அந்த ஷாபனா 1832-ல் பிளாக் ஹாக் போர் வந்தப்ப, குதிரையில் போய் வெள்ளைக்காரக் குடியேறிகளை எச்சரிச்சு உயிரைக் காப்பாத்தினவர். அவர் சனங்களைப் பெரும்பாலும் மேற்கே துரத்திட்டாங்க. கன்சாஸ் போன உறவுகளைப் பார்க்க இவரும் போனார். அவர் இல்லாத நேரத்தில், 1849-ல், நிலத்தை ஏலம் போட்டு வித்துட்டாங்க.

"யார் வித்தது?"

"கவர்மெண்ட்டேதான்ப்பா."

"என்ன காரணம் எழுதினான்?"

"விட்டுட்டுப் போயிட்டாருன்னு."

அப்பா விறகைக் கிளறினார். "ஊருக்குப் போனவன் திரும்பி வர மாட்டான்னு யாரு சொன்னது?"

திரும்பித்தான் வந்தார். வந்தா நிலம் வேற ஆளுங்க கையில். அப்புறம் இவர்மேல் பிரியமா இருந்த சிலர் சேர்ந்து வேற இடத்தில் இருபது ஏக்கர் வாங்கிக் கொடுத்திருக்காங்க. 1859-ல் செத்துப்போனார். ரிசர்வேஷன் நிலத்தை காங்கிரஸ் ஒப்புதல் இல்லாம விற்கவே முடியாது, அதனால அந்த ஏலமே செல்லாதுங்கிறதுதான் அவர் வழிவந்த பிரெய்ரி பேண்ட் பொட்டவட்டமி மக்களோட வழக்கு. அந்த 1,280 ஏக்கரில் இப்போ வீடுகள் இருக்கு, அரசாங்க நிலம் இருக்கு, கவுண்ட்டிக்குச் சொந்தமான ஃபாரஸ்ட் பிரிசர்வ் ஒண்ணு ஷாபனா பேரிலேயே இருக்கு. அவங்களே காசு கொடுத்துத் திரும்ப வாங்கின நிலத்தில் 130 ஏக்கரை 2024 ஏப்ரலில் மத்திய அரசு அவங்களுக்கான அறக்கட்டளை நிலமா ஏத்துக்கிச்சு. 2025 மார்ச்சில், நாங்க உட்கார்ந்திருந்த இந்தப் பூங்கா, சுமார் 1,500 ஏக்கரை, அவங்ககிட்ட ஒப்படைக்க வழி செய்யும் சட்டத்தில் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்துப் போட்டார். பொது மக்களுக்குத் திறந்தே இருக்கும்னும் பேச்சு. குடியிருக்கிறவங்களை யாரும் கிளப்ப வேண்டாம்னுதான் வீடுகளுக்குப் பதிலா பூங்கா.

"1849. நூத்தி எழுபத்தாறு வருஷம்"னு அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. ஏரியில் தவளைச் சத்தம் மட்டும். தூங்கப் போகலாமான்னு கேட்கப் போனேன், அவரே ஆரம்பிச்சார்.

"நம்ம ஊருல ஒருத்தர் இருந்தாரு. குடும்பத்தோட சூரத்துப் பக்கம் முறுக்கு யாவாரத்துக்குப் போயிட்டாரு. யூடிஆர் நடந்துக்கிட்டு இருந்த நேரம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகல. அவரு நிலத்துல பங்காளி உழுதுக்கிட்டு இருந்தான். அடங்கல்ல யாரு உழுறாங்களோ அவன் பேரைத்தான் எழுதணும், எழுதுனேன். அதைப் பார்த்துப் பட்டாவையும் பங்காளி பேருல ஏத்திட்டாங்க. நான் ஒரு வார்த்தை, 'ஆள் ஊருல இல்ல, நிலம் அவருது'ன்னு சர்வேயர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"தெரியுமாப்பா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? ஊருக்கே தெரியும்."

அவர் திரும்பி வந்து வருஷக்கணக்கா சாவடிக்கு அலைஞ்சாராம். அப்பா ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்குப் போங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கார். அப்படித்தான் சொல்லணும், வேற வழியில்லைன்னு சொன்னார். அப்புறம், "அவருக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லடா"ன்னார். நான் என்ன சொல்றதுன்னு தெரியாம விறகுக்கட்டையை எடுத்துத் தீயில் வச்சேன். வைக்க வேண்டிய தேவையே இல்லை, நல்லாத்தான் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

காலையில் ஏழு மணிக்கு எழுந்து பார்த்தா ஆள் ஏற்கனவே வெளியே மடக்கு சேரில். மடியில் என் செல். ஊரில் அப்போ சாயங்காலம் அஞ்சரை. பழைய தலையாரியோட பேசிக்கிட்டு இருந்தார். "அந்தாளு போய்ச் சேர்ந்துட்டாருன்னு தெரியும்ப்பா. மகன் ஒருத்தன் இருந்தானே, திருமங்கலத்துல இருக்கானா, சூரத்துலயே தங்கிட்டானா? விசாரிச்சு நம்பர் வாங்கு. டிஆர்ஓ கிட்ட மனு கொடுக்கலாம், நான் வந்து எழுதிக் கொடுக்கிறேன்னு சொல்லு. ஆமா, நானேதான்."

கிளம்பும்போது கழிவு கொட்டுற இடத்தில் ஆர்.வி.யை நிறுத்தினேன். முதல்ல கக்கூஸ் தொட்டி, அப்புறம் குளிச்ச தண்ணித் தொட்டி. அப்போதான் பின்னால வர்ற தண்ணி குழாயைக் கழுவி விடும். நான் அவசரத்தில் மாத்தித் திறந்துட்டேன். அப்பா மூக்கைப் பொத்திக்கிட்டுப் பத்தடி தள்ளி நின்னு, "சர்க்கார் வேலைன்னா வரிசைப்படி செய்யணும்டா"ன்னு சிரிச்சார். வந்த ஆறு வாரத்தில் அவர் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

தலையாரி இன்னும் கூப்பிடலை. அப்பா பால்கனியில்தான் உட்கார்ந்திருக்கார். காரை எண்ணலை, செல்லைப் பக்கத்திலேயே வச்சிருக்கார்.