முதுகில் சுமந்த மொழி

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது குரங்கணி. அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு பாதை ஏறுகிறது. குரங்கணியை 2018ஆம் ஆண்டுக் காட்டுத்தீயால் பலரும் அறிந்திருப்பர். முன்னொரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை கம்பிவழியாக இறங்கியதும் இம்மலைச்சரிவில்தான். தேயிலைக்கும் முன்னரே இவ்வழியாக மலையேறியவர்கள் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் முதுவர்.

மதுரையில் பாண்டியர் ஆட்சி சரிந்தபோது, மக்களை முதுகில் சுமந்து போடி வழியே காட்டுக்குள் புகுந்தோம் என்பது அவர்தம் மரபுக் கதை. முதுகில் சுமந்தோர் முதுவர் ஆயினராம்! சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பாரோ, அறியேன். ஆயினும் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலேயே இக்கதை பதிவாகியுள்ளது.

அவர்கள் பேச்சு முதலில் நமக்குத் தமிழாகவே ஒலிக்கும். சற்றுநேரம் செவிமடுத்தால் பிடி நழுவும். சமவெளியார் இதனைக் 'கொச்சைத் தமிழ்' என்பர். அது சரியன்று. தமிழோடும் மலையாளத்தோடும் உறவுடைய, ஆனால் தனக்கென எழுத்தில்லாத தனிமொழி அது.

இத்தகைய இகழ்ச்சி தென்னமெரிக்கச் சுரினாமிலும் உண்டு. கரும்புத் தோட்ட அடிமைத்தளையினின்று காட்டுக்குத் தப்பிய ஆப்பிரிக்க மக்களை மரூன்கள் என்பர். அவர்களுள் இண்டியூக்கா மக்கள் 1760இல் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்து தம் விடுதலையை நிலைநாட்டினர். அவர்கள் மொழியின் சொற்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தினின்று வந்தவை. ஆங்கிலேயர் அந்நாட்டை ஆண்டதோ 1651 முதல் 1667 வரை மட்டுமே! அதனையும் 'உடைந்த ஆங்கிலம்' என்று எள்ளியோர் பலர். முதுவர் மொழி அவ்வாறு கலந்து பிறந்த கிரியோல் அன்று. ஆயினும் காடு காத்த மொழி என்பதில் இரண்டும் ஒன்றே.

1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்தது. ஒரே இனத்துப் பிள்ளைகளுக்கு மலைக்கு அப்பால் மலையாளப் பாடநூல், இப்பால் தமிழ்ப் பாடநூல். இரண்டுமே அவர்கள் தாய்மொழி அல்ல. தேவிகுளம் வட்டத்து எடமலைக்குடி 2010இல் பழங்குடியினருக்கென்றே தனி ஊராட்சியாயிற்று. நிருவாகம் அவர்களைத் தேடிச் சென்றது நன்று. மொழியைத் தேடி யார் செல்வது?

முதுவர் குடிகளில் மணமாகாத இளைஞர் உறங்குவதற்கெனச் சாவடி ஒன்று உண்டு. மொழிக்கும் அதுவே பள்ளி என்று கருதுகிறேன். தொலைவிலுள்ள விடுதியில் தங்கிப் பயிலும் சிறுவனுக்கோ சாவடியும் இல்லை, அவன் பேச்சறிந்த ஆசிரியரும் இல்லை. முதலிரண்டு வகுப்புகளிலேனும் அவன் மொழி பேசும் ஒருவர் கரும்பலகையருகே நிற்கலாகாதா? குடிகளிற் படித்த இளைஞர் இன்று இருக்கின்றனர். நியமனம் ஒன்றுதான் வேண்டும்.