பாரிஸில் ஓர் ஊசல்

பாரிஸ் மாநகருக்குச் சென்று மீள்வோர் ஈபெல் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமலிரார். எம்மவர் கடை விரித்திருக்கும் லா சப்பல் பகுதியைப் பற்றியும் சொல்லுவர். சென்ற கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து பிரயாணஞ் செய்த நாங்கள் அறுவரும் அவற்றைக் கண்டோம். ஆயினும், இங்கு எழுத விரும்புவது அந்நகரின் கலை, கைத்தொழில் நூதனசாலையைப் பற்றியே.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலே, பொறிகளைக் கண்ணாற் கண்டு மக்கள் கற்கவேண்டுமென 1794இல் நிறுவப்பட்ட நிலையம் அது. இருப்பிடமோ பழைய துறவியர் மடம். 1909இல் புளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த விமானம் மடத்தின் தேவாலயத்திலே இருக்கின்றது. இளையவர்கள் அதனை நோக்கி ஓடினர்.

எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். அவர் ஊசலின் முன்னே நின்றுவிட்டார்.

1851இல் லியோன் பூக்கோ, இதே நகரின் பாந்தியன் மண்டபத்தில், 67 மீற்றர்க் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதை ஊரறியக் காட்டினார். ஆடும் திசை சிறிது சிறிதாகத் திரும்புவதுபோலத் தோன்றும். உண்மையில் திரும்புவது நாம் நிற்கும் நிலமே. பூக்கோ காலத்துக் குண்டொன்று இத்தேவாலயத்தில் ஆடிவந்தது. 2010இல் கம்பி அறுந்து அது சேதமுற்றமையால், இப்பொழுது ஆடுவது வேறொன்று. அதன் பாதையோரத்தில் நிறுத்திய சிறு உலோகக் கட்டைகள் ஒவ்வொன்றாய்ச் சாயவேண்டும். மணிக்கு 11 பாகையளவே திரும்புமாதலால், பார்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். எங்களிற் சிலருக்கு அது இருக்கவில்லை.

"அப்பப்பா, எங்கடை ஊரிலை கட்டினாலும் இப்படித் திரும்புமோ?" என்று பேர்த்தி வினவினாள்.

ஆசிரியர் நுழைவுச்சீட்டின் பின்புறத்திலே கணக்கிட்டார். "திரும்பும் பிள்ளை, ஆனால் ஆறுதலாய்த்தான். இங்கை ஒரு சுற்றுக்கு 32 மணித்தியாலம். எங்களுக்கு ஏறக்குறைய ஆறு நாள். மத்தியகோட்டிலை எண்டால் திரும்பவே திரும்பாது."

கணக்கு முடிந்தபின்னும் அவர் கண் குண்டைவிட்டு அகலவில்லை. முப்பதாண்டுக்கு மேலாக வெண்கட்டியால் அவர் வரைந்த ஊசல் அது; நேரிற் காண்பது இதுவே முதன்முறை.

"நான் சொன்னதை நம்பித்தான் பிள்ளையள் சோதினை எழுதினவை. நானும் புத்தகத்தை நம்பித்தான் சொன்னனான்," என்றார் மெல்ல.

அவ்வேளை ஒரு கட்டை சாய்ந்தது. ஓசை சிறிதுதான். இன்னுமொன்று விழட்டும் என்றார் அவர். விழுந்தபின்னும் அவ்வாறே சொன்னார். விமானம் பார்க்கச் சென்றவர்களும் வந்து எங்களுடன் நின்றனர். அன்று மாலை சேன் நதியிற் செல்லவிருந்த படகை நாங்கள் தவறவிட்டோம். ஒருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.