வேம்பு யாருக்குப் பாத்தியம்?

1990-களின் பிற்பாதியில் மறைமலைநகருக்கு ஃபோர்டு கார் ஆலை வந்தது. ஜி.எஸ்.டி. சாலைக்கு இருபுறமும் கொல்லைகள் மனைகளாக மாறின. செங்கல்பட்டு முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்குகள் குவிந்தன. அவற்றில் ஒன்று வேப்பமரத்து வழக்கு.

லே-அவுட் போட நிலம் வாங்கியவர் பிரதிவாதி. ஊருக்காக நால்வர் வாதிகள். நான் அவர்கள் வக்கீல். பிடிக்காத ஒருவன் துரத்த, ஓடிவந்த கன்னிப்பெண் அந்த வேம்பைக் கட்டிக்கொண்டு மரத்துக்குள்ளேயே போய்விட்டாளாம். கன்னியம்மன் என்று ஆடியில் பொங்கல் வைக்கிறார்கள். பாவாடை சாத்தி வளையல் மாட்டுகிறார்கள்.

எதிர்த்தரப்பு சீனியர் நன்றாகப் படித்தவர். "கிரேக்கத்திலும் இந்தக் கதை உண்டு. ஆற்றுத்தேவன் பெனியஸின் மகள் டாஃப்னி, அப்பல்லோ துரத்தியபோது லாரல் மரமானாள். அதைக் காட்டி யாராவது பட்டா கேட்டார்களா?" என்றார். கோர்ட்டே சிரித்தது.

அன்றிரவு அந்தக் கதையை ஓவிட் எழுதியபடி படித்துப் பார்த்தேன். மனைவியாகாவிட்டாலும் நீ என் மரமாவாய் என்று அப்பல்லோ உரிமை கொண்டாடிவிடுகிறான். டெல்பியின் பந்தயங்களில் வென்றவனுக்கும், வாகை சூடிய ரோமானியத் தளபதிக்கும் அந்த இலைதான் கிரீடம். ரோம் நகரின் போர்கேசே காட்சிக்கூடத்தில் பெர்னினி 1622–25-இல் செதுக்கிய சிலையில்கூட அவன் கை அவள் இடுப்பில்தான். துரத்தியவனுக்கே சுவாதீனம் போன கதை அது. எங்கள் ஊர்க் கதையிலோ துரத்தியவனுக்குப் பெயர்கூட இல்லை; படையல் முழுக்க அவளுக்கு. மறுநாள் வாதத்தில் இதைச் சொன்னேன். சீனியர் முகத்தில் லேசான சிரிப்பு.

ஆனால் வழக்கு கதையில் நிற்காது. சீனியரின் உண்மையான ஆயுதம் 1953-ஆம் ஆண்டின் சரஸ்வதி அம்மாள் – ராஜகோபால் அம்மாள் தீர்ப்பு. சாதாரண மனிதரின் சமாதிக்கு வழிபாடு நடத்தச் சொத்து எழுதிவைப்பது இந்துச் சட்டப்படி அறக்கட்டளை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மரத்தடி, நிலத்தை விற்றவர் குடும்பப் பெண்ணின் சமாதிதான் என்பது அவர் கட்சி. அங்கே யாரையும் புதைக்கவில்லை என்று அவருடைய சாட்சியே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். எனக்குக் கைகொடுத்தது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம். அதன் 6(20) பிரிவில் கோயிலுக்குக் கோபுரமோ சிலையோ கேட்கவில்லை. இந்துக்கள் உரிமையோடு பொதுவாக வழிபடும் இடமாக இருந்தால் போதும்.

அதற்குச் சாட்சி எங்கள் தரப்புக் கிழவி. "அந்தப் பொண்ண நீ பாத்தியாம்மா?" என்று சீனியர் மடக்கினார்.

"நான் எங்கங்க பாத்தேன்? எங்க ஆயா பொங்க வச்சதப் பாத்தேன். அவங்க ஆயாவும் இங்கதான் வச்சாங்கன்னு சொல்லும்."

இறந்துபோன ஆயா சொன்னது செவிவழிச் செய்திதான். ஆனாலும் பொது உரிமை, வழக்காறு பற்றி, தகராறு கிளம்புமுன் சொன்னதாக இருந்தால் அப்போது நடப்பிலிருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32(4) பிரிவில் அது ஏற்கத்தக்கதாக இருந்தது. அடுப்புக்கல்லும் ஒற்றையடிப் பாதையும் வழக்கறிஞர் ஆணையர் அறிக்கையில் இருந்தன.

மரத்தை வெட்டவும் வழியை மறிக்கவும் கூடாதென்று தீர்ப்பானது. கொல்லை முழுவதும் கோயில் நிலம் என்ற எங்கள் கோரிக்கை தள்ளுபடி. அது சரியான தீர்ப்பே. பிரதிவாதி அப்பீல் போகவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படியொரு மரம் இருந்தால், வம்பு வருமுன்னே பெரியவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வாங்கி வையுங்கள்.