ஆக்கம் செய்யக் கடைக்கு ஓட வேண்டாம்



சித்திரப் பாடத்துக்கு ஓர் ஆக்கம் கொண்டுவரச் சொன்னால் போதும், அன்று இரவே ஊர்ப் புத்தகக் கடையில் ரெஜிபோமும் மினுங்கல் கடதாசியும் முடிந்துவிடும். ஒன்பது மணிக்குப் பிள்ளை தூங்கிவிட, உம்மா இருந்து ஒட்டுவா. வாங்க வசதியில்லாத பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்கே வராது. அதனால்தான் இந்தத் தவணை நாங்கள் ஒரு சட்டம் வைத்தோம்: ஆக்கத்துக்கு ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது. பசை, நூல், கம்பி நாங்கள் தருவோம். மற்றதெல்லாம் வீட்டிலும் தெருவிலும் கிடப்பவை.

"குப்பை பொறுக்கவா புள்ளய அனுப்புறோம்?" என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1942இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டிலையும் சேர்த்து மாட்டுத் தலை செய்தார். சீட் முகம், ஹேண்டில் கொம்பு. பார்ப்பவருக்கு அது சீட்டாகவும் தெரியும், மாடாகவும் தெரியும். கானாவில் பிறந்த எல் அனட்சுய் போத்தல் மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகள் செய்கிறார். மூடியின் நிறம்தான் திரையின் நிறம். தேடும்போது பிள்ளை கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைத் திருப்பிப் பிடித்தால் எதைப் போல இருக்கு?

எங்கே தேடுவது? முதலில் வாப்பாவின் தொழிலில், உம்மாவின் குசினியில். கடல் தொழில் வீட்டில் அறுந்த வலை, மிதப்பு. தையல் வீட்டில் வெட்டுத்துண்டு, நூல்கட்டை. தச்சு வேலையில் சீவல். குசினியில் சிரட்டை, ஈர்க்கு, மீன்டின். அலுமாரியில் பழைய கலியாணக் கார்ட்.

வாப்பா கராஜில் வேலை என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளை ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். அவன் கொண்டுவந்தது ஒரு பழைய ஸ்பிரிங், கொஞ்சம் ஸ்போக் கம்பி, நாலைந்து நட். ஸ்பிரிங்கை நிமிர்த்தி வைத்தான். அதன் வளையங்கள் அப்படியே தென்னையின் வரிகள். ஸ்போக் ஓலையானது, நட் குரும்பட்டியானது. மற்றப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று ஸ்பிரிங் கேட்டார்கள். "எங்கட வாப்பாட கராஜில இன்னும் கிடக்கு" என்றான், சத்தமாக.

சில கவனங்கள். பெட்டரி, உடைந்த கண்ணாடி, ஊசி, மருந்துப் போத்தல் வேண்டாம். டின்னின் ஓரத்தைப் பெரியவர்கள் தட்டி மடித்துக் கொடுங்கள். கராஜ் சாமானைக் கிரீஸ் போகக் கழுவுங்கள். கடற்கரையில் செத்த சிப்பி போதும், முருகைக்கல்லைத் தொடாதீர்கள். அல்லாஹ்வின் பெயரோ ஆயத்தோ அச்சிட்ட பேப்பர், கார்ட்டைப் பிரித்துக் கண்ணியமாக ஒதுக்கி வையுங்கள். உயிருருவம் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டார் தோணி, மரம், பூவேலை செய்யச் சொல்லலாம்.

தையல் கடை, தச்சுப் பட்டறை, கராஜ் வைத்திருப்போர் ஒரு பெட்டியில் மிச்சங்களைச் சேர்த்து வைத்தால் வியாழன்தோறும் பாடசாலை விட்டதும் நாங்கள் வந்து எடுப்போம். முடிந்தால் பிள்ளையையே கூட்டிப்போய், எந்தச் சாமான் எந்த வேலைக்கு என்று சொல்லிக் கொடுங்கள்.